க்ளுக்கோட ஒரு ஆப்பரா பாட்டும் ஃபோன்ல இருக்கற ஆப்பும்

மார்ச் 4

பாட்டைப் போட்டா பிபிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை தாள அடி) இவ்ளோ, கீ (சுருதியும் ஸ்கேலும்) இது, மூட் இதுன்னு சொல்ற ஆப் ஒண்ணு ஃபோன்ல இருக்கு. நேத்து க்ளுக்னு பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளரோட 'ஆர்ஃபியோ' ஆப்பராவுல (பாட்டாவே நடக்கற நாடகம்) வர்ற 'கே ஃபாரோ சென்ஸா எவ்ரிடீச்சே' போட்டு விட்டேன், சி மேஜர்னு கரெக்டா சொல்லிடுச்சு, மூட் எடத்துல 'ஹாப்பி'ன்னு வந்துச்சு. பொண்டாட்டி ரெண்டாவது தடவையும் செத்துப் போய்ட்டாளேன்னு ஒருத்தன் அழுற பாட்டுய்யா அது.

கதை தெரியாதவங்களுக்கு: ஆர்ஃபியோ செத்துப்போன எவ்ரிடீச்சேவ பாதாளத்துல இருந்து கூட்டிட்டு வர்றான், வெளிய வர்ற வரைக்கும் அவள திரும்பிப் பாக்கக் கூடாது, ஏன் பாக்கலன்னும் சொல்லக் கூடாது. அவளோ என்னைப் பாக்க மாட்டியான்னு விடாம புலம்புறா, தாங்க முடியாம திரும்பிடுறான், அங்கயே விழுந்து செத்துடுறா. நீ இல்லாம நான் என்ன பண்ணுவேன், எங்க போவேன்னு அப்பதான் பாடுறான். 1762 அக்டோபர் 5, வியன்னாவுல முதல் தடவையா மேடை ஏறுச்சு, பாட்டு வரி கால்சாபிஜி, பாடுனது குவாதான்யிங்கற காஸ்ட்ராட்டோ பாடகர் (குரல் உடையாம இருக்கச் சின்ன வயசுலயே காயடிக்கப்பட்டவர்).

மார்ச் 6

ஆப்பை மட்டும் திட்டிட்டுப் போக முடியல. ஹான்ஸ்லிக்னு வியன்னா விமர்சகர், 1854ல வந்த புத்தகத்துல இதே பாட்டை எடுத்து வச்சு வம்புக்கு இழுக்குறார். இந்த ஆப்பராவோட ஃப்ரெஞ்சு வடிவத்துல 'என் யூரிடீஸை (எவ்ரிடீச்சேதான்) இழந்துட்டேன், என் துக்கத்துக்கு ஈடில்ல'ன்னு வர்ற வரிய 'யூரிடீஸ் கிடைச்சுட்டா, என் சந்தோஷத்துக்கு ஈடில்ல'ன்னு மாத்திப் பாடுனாலும் மெட்டு அப்படியே பொருந்தும், இன்னும் நல்லாவே பொருந்தும்னு. இதை முதல்ல சொன்னது க்ளுக் காலத்துலயே இருந்த ஒருத்தர், ஹான்ஸ்லிக் அவர் பேரையும் சொல்லித்தான் எழுதுறார். இவ்ளோ சோகத்த கொட்ட இசையில வேற வழி இருக்கும்போது க்ளுக் ஏன் இப்படி ஒரு மெட்டு போட்டார்ங்கறதுதான் ஹான்ஸ்லிக்கோட குறை.

மேஜர் ஸ்கேல்னா நம்ம காதுக்கு சங்கராபரணம், அதுல உருக்கமா பாடி நாம கேட்டதே இல்லையா என்ன, அதனால 'மேஜர் = சந்தோஷம்' எனக்கு எப்பவுமே ஒட்டல. எனக்குத் தோணுறது வேற. அவ செத்துட்டாங்கறத ஆர்ஃபியோ இன்னும் நம்பல. உடம்பு பக்கத்துலயே கிடக்கு, பாட்டுக்கு நடுவுல 'எவ்ரிடீச்சே!'ன்னு கூப்பிட்டு நிறுத்துறான், பதிலுக்குக் காத்திருக்கான், திரும்பக் கூப்பிடுறான், பதில் சொல்லுன்னு கெஞ்சுறான். கூப்பிட்டா எழுந்துடுவாங்கற நெனப்புல இருக்கறவனுக்கு சி மேஜர் சரியாத்தான் இருக்கு. சோகத்துக்குன்னு வழக்கமா எடுக்கற மைனர் ஸ்கேல்ல ஆரம்பிச்சிருந்தா அவ போய்ட்டாங்கறது முதல் வரியிலயே முடிவாகியிருக்கும்.

மார்ச் 7

டெம்போ நம்பர் இன்னும் மோசம். ஒரு ரெக்கார்டிங்க்கு ஒரு நம்பர், இன்னொண்ணுக்கு கிட்டத்தட்ட டபுள். மெஷின் அடிய எண்ணுதா அரை அடிய எண்ணுதான்னு தெரியாம வர்ற குழப்பம் இது. இதுல பாடகர் நடுவுல இழுத்துட்டா சராசரிக்கு அர்த்தமே இல்ல.

மார்ச் 9

இந்தப் பாட்டோட வேகத்தப் பத்தி க்ளுக்கே பயந்திருக்கார். 1770ல தன்னோட அடுத்த ஒரு ஆப்பராவுக்கு எழுதுன முன்னுரையில இந்தப் பாட்டையே பேர் சொல்லி, பாடுற விதத்துல கொஞ்சம் மாறுனா போதும், இது பொம்மலாட்ட பொம்மைங்க குதிக்கற டான்ஸ் ஆயிடும்கறார். ஒரு ஸ்வரத்த அதிக நேரம் பிடிச்சாலோ கம்மியா பிடிச்சாலோ, தேவையில்லாத எடத்துல ஒரு கமகம் மாதிரி எதையாவது சேத்தாலோ சீனே போச்சுங்கற அர்த்தத்துல. அதாவது ஹான்ஸ்லிக் பின்னாடி சொல்லப் போறத இவர் முன்னாடியே ஒத்துக்கிட்டார், மெட்டு மட்டும் சோகத்தத் தாங்காது, பாடுறவர்தான் தாங்கணும்.

கேத்லீன் ஃபெரியர்ங்கற இங்கிலாந்து பாடகி 1946ல, மால்கம் சார்ஜென்ட் ஆர்க்கெஸ்ட்ராவ நடத்த, இங்கிலீஷ்ல பாடுனத இன்னிக்கு போட்டேன். அவங்க 1953ல புத்துநோயில 41 வயசுல போய்ட்டாங்க, கடைசியா மேடையேறுனதும் இதே ஆர்ஃபியோவாத்தான், நடிச்சுட்டு இருக்கும்போதே கால் எலும்பு உடைஞ்சது. அதைத் தெரிஞ்சுட்டுக் கேக்கறவங்க எல்லாரும் அந்தக் குரல்ல சாவு கேக்குதும்பாங்க. ஆனா ரெக்கார்ட் பண்ணது நோய் வர்றதுக்கு வருஷக்கணக்குல முன்னாடி, மேடையில ஆர்ஃபியோவா நின்னதே 1947ல இங்கிலாந்துல க்ளைண்ட்போர்ன் ஆப்பரா விழாவுலதான். சோகம் எங்க இருக்குன்னா அவங்க அவசரப்படாததுலயும், குரல குலுக்காம நேரா வைக்கறதுலயும்தான். அப்புறம் 1991ல கார்டினர் நடத்துன ரெக்கார்டிங், பழைய வாத்தியங்கள், டெரெக் லீ ரேகின் பாடுறார், கவுன்டர் டெனர் (பெண் குரல் உயரத்துல பாடுற ஆண்). நடை இலகுவா இருக்கு. அழுகையா வரல, பதட்டமா வருது. எனக்கு இதுவும் பிடிக்குது, இன்னும் கேட்டா ஃபெரியரைவிட இதுதான் கதைக்குப் பக்கத்துல இருக்கு. சொன்னா ஃபெரியர் ரசிகர்கள் அடிக்க வருவாங்க.

மார்ச் 13

கீ பத்தி ஒண்ணு. எல்லா ரெக்கார்டிங்கும் சி மேஜர்னு காட்டாது. 1774ல பாரிஸுக்காக க்ளுக் திருத்தி எழுதுனப்ப ஆர்ஃபியோ உச்சஸ்தாயி டெனர் (உயர்ந்த ஆண் குரல்) ஆயிட்டான், லெக்ரோனு பாடகர், பாட்டு எஃப் மேஜருக்குப் போயிடுச்சு. பழைய வாத்தியக் குழுக்கள் இப்ப வழக்கமா வைக்கற 440 ஹெர்ட்ஸுக்குக் கீழ சுருதி வைப்பாங்க, 415ல வச்சா முழுசா ஒரு ஸ்வரஸ்தானம் இறங்கும், தாள்ல சி மேஜர் இருந்தாலும் ஆப் பி மேஜரும்பான். பழைய 78 ஆர்பிஎம் கிராமஃபோன் தட்டுல இருந்து எடுத்ததுல இன்னொரு வில்லங்கம், சுத்துற வேகம் 6 சதவீதம் கூடிப் போனா சுருதி கிட்டத்தட்ட ஒரு ஸ்வரஸ்தானம் ஏறும், டெம்போவும் கூடவே ஏறிக்கும்.

மார்ச் 16

ஃப்ரெஞ்சு இசையமைப்பாளர் பெர்லியோஸ் 1859ல பாரிஸ்ல போலீன் வியார்டோங்கற பாடகிக்காக இந்த ஆப்பராவ சரி பண்ணிக் குடுத்தார். அந்தம்மா பாடுனதப் பத்தி அவர் எழுதி வச்சிருக்கறதப் படிச்சதும் எனக்கு எல்லாம் புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. பல்லவி மூணு தடவை வருதுல்ல, முதல் தடவை அசையாம துக்கத்த உள்ளயே அடக்கிட்டு, ரெண்டாவது தடவை நடுங்குற சின்னக் குரல்ல, மூணாவது தடவை வேகத்தக் கூட்டி, பைத்தியம் பிடிச்ச மாதிரி, உடம்ப விட்டு விலகி ஓடி. ஒரே மெட்டு, அதே வார்த்தைங்க. பிபிஎம்னு ஒரு நம்பர் கேட்டா இதுல எந்தத் தடவையோட நம்பரக் குடுக்கறது? வியார்டோ பாடுன சத்தம் எதுலயும் இல்ல, ரெக்கார்டிங் வர்றதுக்கு முன்னாடி காலம். இப்ப இருக்கற ரெக்கார்டிங்ல யாராவது மூணாவது பல்லவிய துணிஞ்சு வேகமா எடுத்திருக்காங்களான்னு தேடணும், பாடகி மரியா கல்லாஸ் 1961ல ப்ரெத்ர் ஆர்க்கெஸ்ட்ரா நடத்த ஃப்ரெஞ்சுல பாடுனதுல இருந்து ஆரம்பிக்கப் போறேன், தெரிஞ்சவங்க வேற பேர் சொல்லுங்க.