பாட்டு காத்திருக்க வேண்டும்

டிமென்ஷியா என்ற மறதி நோய் உள்ளவர்கள் இருக்கும் இல்லத்துக்குப் பாடப் போனால், முதலில் டிவியை அணைக்கச் சொல்வேன். அப்புறம் காது மெஷின் மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். இரண்டு சத்தத்தைப் பிரித்துக் கேட்பது அவர்களுக்குப் பெரும்பாடு. பின்னால் செய்தி ஓடினால் எவ்வளவு நல்ல பாட்டும் இரைச்சல்தான்.

மேடையில் பாடிப் பழகியவர்களுக்கு இந்த வேலை பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். இங்கே நாம்தான் அவர்கள் பின்னால் போக வேண்டும். வயதான பெண்களுக்குக் குரல் இறங்கிவிடும் என்பதால் சுருதியை நன்றாகவே இறக்கிக்கொள்வேன்.

ஒரு அம்மா பல மாதங்களாக முழு வாக்கியம் பேசியதில்லை. ஒரு தாலாட்டை ஆரம்பித்தேன். போர்வை ஓரத்தில் அவர் விரல் மட்டும் தட்டியது. அந்த விரலின் வேகத்துக்கு நானும் இறங்கினேன். ஒரு வரியின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்தினேன். பக்கத்திலிருந்த பராமரிப்பாளர் எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார். வேண்டாம் என்று கை காட்டினேன். அம்மா உதட்டைக் குவித்தார், மூச்சை இழுத்தார், அந்தச் சொல்லைப் பாடினார். அடுத்த வரியையும் அவரே பாடினார். ஸ்பீக்கரில் ஓடும் பாட்டு அந்த இடத்தில் நின்றிருக்காது. நேரில்தான் பாட வேண்டும் என்று நான் வாதாடுவது இதற்காகத்தான்.

நெடுநாள் பழகிய பாட்டோடு தொடர்புள்ள மூளைப் பகுதிகளை, டிமென்ஷியாவுக்கு முக்கியக் காரணமான அல்சைமர் நோய் ஒப்பீட்டளவில் குறைவாகவே தாக்குகிறது என்று 2015-ல் 'பிரெய்ன்' என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. இளம் வயதில் கேட்ட பாட்டுகள்தான் பெரும்பாலும் ஆழமாகத் தங்கும். அதனால் 'அவருக்கு இருபது வயதில் என்ன பாட்டு பிடிக்கும்?' என்று பிள்ளைகளிடம் கேட்பேன். ஆனால் நோய் குணமாகும் என்று மட்டும் யாருக்கும் நம்பிக்கை கொடுக்கக் கூடாது. பல ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2018-ல் வந்த காக்ரேன் மதிப்பாய்வின்படி இசை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும். அறிவாற்றலில் பெரிய மாற்றம் தெரியவில்லை.

சிலர் அழுவார்கள். உடனே குத்துப்பாட்டுக்குத் தாவ வேண்டாம். அழுகைக்கும் இடம் வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ கை இறுகினாலோ நிறுத்திவிடுவேன்.

எந்தப் பாட்டு, எந்தச் சுருதி என்று பராமரிப்புக் குறிப்பில் எழுதச் சொல்வேன். குளிப்பாட்டும்போது முரண்டு பிடிப்பவருக்கு அதையே முணுமுணுத்துப் பார்க்கலாம்.

"அக்கா, எனக்குப் பாடவே வராதே" என்றார் ஒரு பராமரிப்பாளர்.

"சுருதி சேராட்டி பரவாயில்லை. மெதுவா பாடுங்க, அவங்க முகத்தைப் பார்த்துப் பாடுங்க" என்றேன். இப்போது அவர் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போதும் பாடுகிறார்.