தண்ணியப் பார்த்த வாசல்

கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு எத்தனை தரம் வந்திருப்பேன் என்று கணக்கில்லை. காந்தி பூங்காவை பஸ் ஜன்னலால் பார்த்ததோடு சரி. போன கிழமை ஒரு கந்தோரில் "ரெண்டு மணிக்குப் பிறகு வாங்க" என்று திருப்பி அனுப்பியதால்தான் அங்கே போய்க் குந்தினேன். மத்தியான வெயிலில் இருக்கை சுட்டது வேறு கதை.

பக்கத்தில், வாவிக் கரையில் மட்டக்களப்பு வாயில். வாயில் என்றால் உள்ளே ஏதாவது இருக்க வேணுமே? இதற்குள்ளால் போனால் தண்ணீர்தான். பிறகுதான் உறைத்தது: நகரத்தின் இந்தப் பகுதி, புளியந்தீவு, ஒரு தீவல்லவா! பாலங்கள் வருமுன் ஊருக்குள் வந்தவர்கள் தோணியில்தான் வந்தார்கள். தெருவால் வரும் நாங்கள்தான் கொல்லைப்புறத்தால் நுழைகிறோம்.

1814இல் மெதடிஸ்த பாதிரியார் வில்லியம் ஓல்ட் இங்கேதான் கரையிறங்கினார். வரும் வழியில் கப்பலிலேயே மனைவியைப் பறிகொடுத்தவர். ஊரில் பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார்; ஒரு வருசம் முடியுமுன் தானும் இறந்துபோனார். அவர் தொடக்கிவைத்த மத்திய கல்லூரி இன்னும் நடக்கிறது.

கோட்டையும் இதே தண்ணீரை நம்பிக் கட்டியதுதான். இரண்டு பக்கம் வாவி, மற்றப் பக்கம் அகழி. 1628இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள். பத்தே வருசத்தில் ஒல்லாந்தர் பிடித்துவிட்டார்கள்.

பூங்காவுக்குப் பெயர் தந்த காந்தியையும் இந்த ஊர் சும்மா விடவில்லை. 2012 ஏப்ரலில் ஒரே இரவில் அவர் சிலையோடு பேடன் பவல், விபுலானந்த அடிகள், புலவர்மணி பெரியதம்பிப்பிள்ளை சிலைகளையும் யாரோ உடைத்தார்கள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவருக்கும் புலவர்மணிக்கும் பொதுவாக எந்தப் பகையாளி இருந்திருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை.

கரையில் ஒரு பெரியவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க மனே, கல்முனையா?"

"ஓம் ஐயா. மீன் பாடுமாமே, கேட்டிருக்கீங்களா?"

"அதுக்கு நிலாக் காலத்துல ராவுல கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில போகணும். துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு, மத்த நுனியில காத வைக்கணும்."

அதற்குள் தூண்டில் இழுபட்டது. கெளிறு. பழந்துணியால் முள்ளை அமத்திப் பிடித்து, கொக்கியை மெல்லத் திருகி எடுத்தார். கைக்குள் இருந்தபடியே அது கிர்க், கிர்க் என்றது.

"இந்தா, பாடுது" என்றார்.

ரெண்டே காலுக்குக் கந்தோருக்குப் போனேன். "நாளைக்கு வாங்க." சுவரில் தொங்கிய கலண்டரில் பௌர்ணமி எப்போது என்று பார்த்துவிட்டு வந்தேன்.