ஜன்னல் கண்ணாடியில் ஒரு பல்லி

நேற்றிரவு கல்லடியில் எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே ஒரு பல்லி. உள்ளே நின்று அதன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மம்மாவுக்கு அது எந்தத் திசையில் சொல்கிறது என்பதுதான் முக்கியம். எனக்கு அந்த விரல்கள்.

அதில் பசையே இல்லை. டோக்கே என்ற பெரிய பல்லியின் ஒரு பாதத்தில் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் நுண்மயிர்கள். ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கில் பிரிகிறது. அவை சுவரை அவ்வளவு நெருங்குவதால், மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பான வான்டர்வால்ஸ் விசையே உடம்பைத் தாங்கிவிடுகிறது.

ஒட்டுவதைவிடக் கழலுவதுதான் எனக்குப் பேரழகு. மயிர் சுவரோடு சேரும் கோணம் சுமார் 30 பாகையைத் தாண்டினால் பிடி தானாக விட்டுவிடும். அதனால்தான் விரலை நுனியிலிருந்து சுருட்டித் தூக்குகிறது.

2014இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தார் இதைப் பார்த்துச் செய்த கைப்பிடிகளோடு 70 கிலோ எடையுள்ள ஒருவர் கண்ணாடிச் சுவரில் ஏறினார். சரி, அது பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு ஞாபகம் வந்தது, பிளாஸ்டரை உரித்தபோது அம்மம்மாவின் மெல்லிய தோலும் சேர்ந்து வந்த நாள். பல்லி விரல் போல வலிக்காமல் கழலும் ஒன்று சீக்கிரம் அவர் கைக்கு வரவேண்டும்.