சாயல்குடி – பாம்பன் இரவு ஓட்டமும் ஹெட்லைட் சீரமைப்பும்

இந்தத் தடவை சாயல்குடியில் கிளம்பி ஏர்வாடி, கீழக்கரை, திருப்புல்லாணி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம் என்று பாம்பன் வரைக்கும் எங்கள் வண்டி வரிசை ஓரிடத்திலும் அறுபடவில்லை. யார் முன்னால் போவது, யார் கடைசி வண்டி, எங்கே டீ என்பதெல்லாம் கூட்டமாக வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதி. வரிசை அறுபடாததற்குக் காரணம் ஹெட்லைட். அதைத்தான் எழுத வேண்டும்.

நம் கிழக்குக் கடற்கரைச் சாலை நடுத்தடுப்பு இல்லாத ரோடு. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், தெருவிளக்கு ஊருக்குள் மட்டும்தான். பின்னால் வருகிற வண்டியின் டிம், அதாவது தாழ்ந்த வெளிச்சம், கொஞ்சம் தூக்கலாக இருந்தால் முன்னால் போகிறவர் கண்ணாடியில் அது நேராக அடிக்கும். ஒன்று அவர் வேகத்தைக் கூட்டி விலகிப் போவார், இல்லையென்றால் ஓரம் கட்டி வழிவிடுவார். வரிசை அங்கேயே போச்சு. வேகத்தைக் கட்டுப்படுத்தச் சொல்லி எத்தனை பேச்சு பேசினாலும் இது தீராது.

அதனால் முந்தின நாள் சாயங்காலமே எல்லா வண்டியையும் ராமநாதபுரத்தில் ஒரு குடோன் சுவருக்கு முன்னால் கொண்டுவரச் சொன்னோம். தரை சமமாக இருக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், ஓட்டுநர் சீட்டில் ஒருவர் உட்கார வேண்டும். டாஷ்போர்டில் லைட்டை ஏற்றி இறக்கும் சக்கரம் 0-வில் நிற்க வேண்டும். சுவருக்கும் விளக்குக்கும் 7.5 மீட்டர். விளக்கின் நடு உயரத்துக்குச் சுவரில் ஒரு டேப், அதற்கு 7.5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு டேப். டிம் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ் டேப்பில் உட்கார வேண்டும். இடப்பக்கம் மட்டும் அந்த விளிம்பு சற்று மேலே ஏறும். ஓரத்தில் நடப்பவரும் ஆடும் தெரிவதற்காக அப்படி, அதைக் கீழே இறக்கிவிடக் கூடாது.

கணக்கு எளிது. நூற்றுக்கு ஒன்று சரிவு. விளக்கு 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் வெளிச்சம் 65 மீட்டரில் தரையைத் தொடும். 80 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 22 மீட்டர் ஓடும் வண்டிக்கு அது மூன்று நொடிகூட இல்லை. டிம்மில் போகும்போது 60-ஐத் தாண்டக் கூடாது என்று நான் பிடிவாதமாக நின்றது இதனால்தான்.

எங்களை அதிகம் படுத்தியது ஒரு பழைய மாருதி ஜிப்சி. கடற்காற்றில் வலப்பக்க விளக்கின் மேல் திருகு துருவேறி இறுகிப்போயிருந்தது. துரு இளக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பிடித்துத் திருப்பினால் அசையவே இல்லை. அப்புறம் பட்டென்று கால் சுற்று சுற்றி, வெளிச்சம் டேப்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. அங்கிருந்து மயிரிழை மயிரிழையாக ஏற்றி நிறுத்தினேன். அந்தக் கோடு டேப்பில் நேராக வந்து உட்கார்ந்ததைப் பார்க்க அவ்வளவு திருப்தி.

கீழக்கரை காக்கா (அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்) வண்டியில் ஹாலஜன் பல்புக்கான விளக்குக் கிண்ணத்துக்குள் எல்இடி பல்பு. "தம்பி, வெளிச்சம் கூட இருந்தா நல்லதுதானே?" என்றார். சுவரில் காட்டினேன். விளிம்பே இல்லை, சுவர் முழுக்க வெள்ளை. எச்4 என்கிற ஹாலஜன் பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம் இருக்கும், அதுதான் அந்த விளிம்பை வெட்டித் தருவது. எல்இடியின் ஒளி அதே புள்ளியிலிருந்து புறப்படாவிட்டால் எந்தத் திருகைத் திருகியும் பயனில்லை. காக்கா மறுபேச்சுப் பேசாமல் 60/55 வாட் எச்4-க்கு மாறினார். மதுரைக் கடைக்காரர் ஒருவர் நல்ல பல்பாக எடுத்து வைத்திருந்தார், விலையும் நியாயம்.

வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் வாக்கி டாக்கிதான் எரிச்சல். 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டாம். அதைச் சொல்லித்தான் இணையத்தில் வாங்கினேன், வந்தது வேறு அலைவரிசை. திருப்பி அனுப்பிவிட்டேன். வேறு இடத்தில் வாங்கியது நன்றாகப் பேசுகிறது.

உச்சிப்புளியில் எல்லோரும் இறங்கி முன்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்தோம். உப்புப் படிந்த கண்ணாடியில் வைப்பரை வறட்டாகப் போட்டால் எதிர் வெளிச்சம் முழுவதும் இழுவி நிற்கும். 1988-ல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் யாரும் நிற்கக் கூடாது, படமும் எடுக்கக் கூடாது என்று முன்பே பேசி வைத்திருந்தோம்; ஒருவரும் மீறவில்லை. அரிச்சல்முனைக்கு இரவில் விடமாட்டார்கள், அதனால் பாம்பனோடு சரி.

அடுத்தது வடக்கே தேவிபட்டினம், தொண்டிப் பக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அப்போது மீன் லாரிகள் குறையும். வளைவுகளில் ஐஸ் தண்ணீர் சிந்தி வழுக்கும் தொல்லையும் குறையும். அதற்குள் பனி விளக்குகளையும் இதே சுவரில் பார்த்துவிட வேண்டும். டிம்முக்குக் கீழேதான் அவை அடிக்க வேண்டும். பாதி வண்டிகளில் இன்னும் மேலே பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஜிப்சியின் இடப்பக்கத் திருகும் பாக்கி. புதுத் திருகு வந்ததும் மாட்டிவிட்டு அளவைப் போடுகிறேன்.