பாவாடை நாடா

அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக 14 வருடம் ஆகிறது. கடைசி 6 வருடமாக ஸ்டோமா வைத்தவர்களைப் பார்ப்பதுதான் பெரும்பாலும் என் வேலை. குடலின் ஒரு பகுதியை வயிற்றுக்கு மேல் திறந்து வைத்து, மலம் ஒட்டுப் பையில் சேரும்படி செய்வார்கள். வார்டில் "பை வச்சவங்க" என்றால் எல்லோருக்கும் புரியும்.

பூக்கட்டி விற்கும் ஒரு அக்காவுக்கு மலக்குடலில் புற்றுநோய். கட்டியை எடுத்துக் குடலை இணைத்த இடம் ஆறும்வரை, சிறுகுடலை வலது பக்கம் வெளியே வைத்திருந்தார்கள். சில மாதத்தில் உள்ளே வைத்துவிடலாம் என்று சொல்லித்தான் அனுப்பினோம். மூன்றாவது வாரம் மகன் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார். நாக்கு வறண்டு, கண் குழிந்து, நிற்கவே முடியவில்லை. சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியிருந்தது.

தண்ணீரையும் உப்பையும் உடம்புக்குத் திருப்பித் தருவது பெருங்குடல். சிறுகுடலில் வழி திறந்துவிட்டால் அந்த வேலை நடக்காது. எல்லாம் நீராகவே வெளியே போகும். அக்காவோ, பை நிரம்பிவிடும் என்று பயந்து தண்ணீரையும் சாப்பாட்டையும் குறைத்திருந்தார்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"வழிஞ்சிருது சிஸ்டர். ராத்திரி மூணு தடவை புடவை மாத்துறேன்."

பையைக் கழற்றினேன். சுற்றிலும் தோல் வெந்நீர் கொட்டியதுபோல் உரிந்து கிடந்தது. சிறுகுடலில் இருந்து வருவதில் செரிமான நீர் கலந்திருக்கும். சில மணி நேரம் தோலில் பட்டாலே புண்ணாக்கும். எங்கிருந்து கசிகிறது என்று பார்க்க எழுந்து நிற்கச் சொன்னேன். பாவாடை நாடா கட்டும் கோடு சரியாக ஒட்டுத் தகட்டின் (பையைத் தோலோடு ஒட்டிப் பிடிக்கும் தகடு) மேலேயே போனது. பூக்கட்டும்போது உட்காருவதுபோல் தரையில் சம்மணம் போட்டதும் வயிறு மடிந்து, தகட்டின் ஓரம் தூக்கிக்கொண்டது.

அறுவைக்கு முன்பு ஸ்டோமா வைக்க வேண்டிய இடத்தைப் பேனாவால் குறித்தது நான்தான். படுக்க வைத்துப் பார்த்தேன், நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்தேன். தரையில் உட்காரச் சொல்லவில்லை. நாடாவை எங்கே கட்டுவீர்கள் என்று கேட்கவும் இல்லை. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றும் இருந்தது. அறுவைக்குப் பிறகு 6 முதல் 8 வாரம் வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். தகட்டில் வெட்டும் ஓட்டை அதைவிட 2, 3 மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். அக்கா வீட்டில் வெட்டியதெல்லாம் வார்டில் நான் கொடுத்த பழைய அளவு. இடைவெளியில் தெரிந்த தோல்தான் முதலில் வெந்தது.

டிரிப்ஸ் ஏறி அவர் தெளிந்த பிறகு வேலையை ஆரம்பித்தோம். புண்ணில் ஸ்டோமா பவுடர், மடிப்பை நிரப்பப் பேஸ்ட், புதிய அளவில் ஓட்டை. பையில் மூன்றில் ஒரு பங்கு சேர்ந்ததும் காலி செய்துவிட வேண்டும். குடிக்க ஓ.ஆர்.எஸ்., உப்புப் போட்ட கஞ்சி. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் உப்பு இன்னும் இறங்கும். நாடாவை விட்டுவிட்டுக் கொஞ்ச நாள் நைட்டி போடச் சொன்னேன். நாலைந்து நாளில் தோல் காயத் தொடங்கியது.

அப்புறம் ஒருநாள், பக்கத்துக் கட்டிலில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டார்: "சாமிக்குப் போற பூவை இனி நான் தொடலாமா சிஸ்டர்?" அதனால்தான் கடைக்கே போகாமல் இருந்திருக்கிறார். மருத்துவக் குறிப்பில் தோல் புண், நீரிழப்பு என்று எழுதினோம். இதை எழுத அதில் இடமில்லை. "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத் தாராளமா கட்டுங்க, நானே வாங்கி வச்சுக்குவேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் அழுதார்.

1954இல் டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்ற செவிலியர் ஒட்டும் பையை யோசித்ததும் இப்படி ஒரு வேதனையில்தான். ஸ்டோமா வைத்த அவருடைய தங்கை, எங்கே கசிந்துவிடுமோ என்று வெளியே போகவே அஞ்சினார்.

இப்போது என் அறையில் ஒரு கோரைப்பாய் போட்டிருக்கிறேன். போன வாரம் வந்தவர் தையல்காரர். அவருக்கு இடது பக்கம், நிரந்தரமாக வைக்கப்போகும் ஸ்டோமா. மிஷினில் உட்காருவதுபோல் குனியச் சொன்னேன். நான் போட்ட குறி மடிப்புக்குள் மறைந்துவிட்டது. அதை அழித்து, இரண்டு விரல்கடை மேலே தள்ளி வேறு குறி போட்டேன். "இப்ப குனிஞ்சு பாருங்கண்ணே" என்றேன். குனிந்தார். குறி தெரிந்தது.