இரண்டாம் மணி நேர ரத்தம்

டர்பனில் கிளினிக்கல் ஃபார்மகாலஜி (மருந்து மனித உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்ற படிப்பு) முதுகலை படிக்கச் சேரும் நம் பிள்ளைகளுக்கு முதலில் புள்ளியியல் மென்பொருள்மேல்தான் கண் போகும். அதைக் கற்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் போடும் எண்கள் ஆய்வு அறையில் ரத்தம் எடுக்கும்போது பிறக்கின்றன. அந்த அறையில் நாள் முழுக்க நின்று பார்க்காமல் வாங்கும் பட்டம் அரைப் பட்டம் என்றே சொல்வேன்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் காசநோயும் எச்ஐவியும் ஒரே உடம்பில் இருப்பது சாதாரணம். எனவே காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினையே எடுத்துக்கொள்வோம். விழுங்கிய சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்தைத் தொடும். லிட்டருக்கு 8 முதல் 24 மில்லிகிராம் வரை இருப்பது வழக்கமான இலக்கு. இரண்டாம் மணியில் குறைந்து ஆறாம் மணியில் ஏறியிருந்தால் உறிஞ்சுவது தாமதமாகிறது, பெரும்பாலும் சாப்பாட்டால். இரண்டிலும் குறைவு என்றால் மருந்து உடம்பில் சரியாகச் சேரவில்லை. அளவைக் கூட்டலாமா என்று யோசிக்க வேண்டும். 2 மணி 35 நிமிடத்தில் எடுத்த ரத்தத்துக்கு '2.00' என்று எழுதிவிட்டால் இந்த வித்தியாசமே தெரியாது. தாமதம் குற்றமில்லை. உண்மையான நேரத்தை எழுதாததுதான் குற்றம்.

மாத்திரைக்கு முன் எடுக்கும் ரத்தத்தையும் அலட்சியப்படுத்தக் கூடாது. ரிஃபாம்பிசின் ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். காலையில் அந்தக் குழாயிலேயே நிறைய மருந்து தெரிந்தால், நோயாளி வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும். அன்று மணிக்கு மணி எடுத்த அளவுகளை வைத்து வரையும் கோடு முழுதும் பயன்படாது.

ரத்தம் எடுத்த பிறகும் கவனம் தேவை. உப்புநீர் செலுத்திய கானுலாவிலிருந்து (நரம்பில் பொருத்திய சிறு குழாய்) எடுத்தால் முதல் 2 மில்லி லிட்டரைத் தனியே கழித்துவிட வேண்டும். இல்லையென்றால் மாதிரி நீர்த்துப்போகும். குழாயைக் குலுக்கினால் சிவப்பணு உடையும், மெதுவாகத் தலைகீழாகத் திருப்பினால் போதும். ரிஃபாம்பிசின் காற்றில் ஆக்சிஜனேற்றம் அடையும் என்பதால் பிளாஸ்மாவில் அஸ்கார்பிக் அமிலம் சேர்ப்பார்கள். வெளிச்சம் படாமல் சீக்கிரம் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வைக்க வேண்டும். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டைப் பார்த்த நாடு இது. ஜெனரேட்டர் எப்போது ஓடியது, உறைபெட்டியின் வெப்பநிலைப் பதிவு தொடர்ச்சியாக இருக்கிறதா என்பதை மாணவரே பார்த்துப் பழக வேண்டும்.

பிறகு கணக்கு. நேரத்துக்கு எதிராகச் செறிவை வரைந்து, கோட்டின் கீழுள்ள பரப்பைச் சரிவகம் சரிவகமாகக் கையால் கூட்டுங்கள். 600 மில்லிகிராம் மருந்துக்குப் பரப்பு 60 (மில்லிகிராம்-மணி/லிட்டர்) வந்தால், 600-ஐ 60-ஆல் வகுத்துக் கிடைக்கும் வாய்வழி வெளியேற்ற வேகம் மணிக்கு 10 லிட்டர். நான்கைந்து முறை கையால் போட்டவருக்குத்தான் மென்பொருள் தவறான விடை கொடுக்கும்போது உறுத்தும்.

ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டுவதால் எச்ஐவி மருந்தான டொலுடெக்ராவிர் வேகமாகக் கரைந்துபோகும். அதனால்தான் வழக்கமான 50 மில்லிகிராமை 12 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கிறார்கள். ரிஃபாம்பிசினை நிறுத்திய மறுநாளே நொதிகள் அடங்கிவிடாது. இரட்டை அளவை மேலும் 2 வாரம் தொடர்வது அதற்காகவே.

வயதானவர்களிடம் விசாரிக்கும்போது, 'வேற மருந்து சாப்பிடுறீங்களா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் சொல்வார்கள். டர்பனில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஓர் ஆயாவிடம் (பாட்டியிடம்), 'ஆயா, வெந்தயம் ஊறவச்சுக் குடிக்கிறீங்களா? பாகற்காய்ச் சாறு?' என்று பேர் சொல்லிக் கேளுங்கள். இரண்டும் சர்க்கரையைக் குறைக்கக்கூடியவை, நீரிழிவு மாத்திரையோடு சேர்ந்தால் கவனம் வேண்டும். ஜூலு நோயாளிகளிடம் ஆப்பிரிக்க உருளைக்கிழங்கு என்ற மூலிகைக் கிழங்கைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆய்வகச் சோதனையில் அது பல மருந்துகளைச் சிதைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியைத் தடுக்கிறது.

மனிதருக்கு முதல்முறை தரும் அளவைக் கணக்கிடுவது பாடத்தின் கனமான பகுதி. எலிக்குத் தீங்கில்லாத உச்ச அளவு கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்றால், எலி அளவை மனித அளவாக்கும் எண்ணான 6.2-ஆல் வகுத்தால் சுமார் 8. பாதுகாப்புக்காகப் பத்தில் ஒன்று, 0.8. 60 கிலோ உடம்புக்கு 48 மில்லிகிராம். ஆனால் 2006-இல் லண்டனில் டிஜிஎன்1412 மருந்து பெற்ற 6 பேரும் உயிருக்குப் போராடினார்கள். விலங்கில் பாதுகாப்பான அளவில் சுமார் ஐந்நூறில் ஒரு பங்குதான் கொடுத்திருந்தார்கள். அதுபோல் நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துக்கு இந்த வகுத்தல் மட்டும் போதாது. மிகக் குறைந்த விளைவு தரும் அளவிலிருந்து தொடங்கி, முதலில் ஒருவருக்குக் கொடுத்துக் காத்திருந்து பார்க்க வேண்டும்.

தென்னாப்பிரிக்காவில் ஆய்வைத் தொடங்க, 2018-இல் பொறுப்பேற்ற மருந்து ஒழுங்குமுறை ஆணையமான சாஃப்ராவின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவை. ஒன்று வந்துவிட்டதென்று முதல் மாத்திரையைக் கொடுக்கக் கூடாது.