கண்டதும் எண்ணியதும்

பாடசாலை நாட்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஆய்வுகூடத்து யன்னற்கட்டில் ஊர்ந்துகொண்டிருந்த ஓர் எறும்பு வரிசை. எட்டாம் வகுப்பில் எங்களுக்கு விஞ்ஞானம் கற்பித்த ரீச்சர், எங்களை அதனைச் சுற்றி நிற்கச் சொல்லிவிட்டு, வரிசையின் குறுக்கே தமது சுட்டுவிரலை ஒருமுறை அழுத்தி இழுத்தார். வரிசை அறுந்தது. விரல் பட்ட இடத்தின் ஓரம்வரை வந்த எறும்புகள் அங்கேயே நின்று உணர்கொம்புகளை அசைத்தன. சில திரும்பிப் போயின, சில பக்கவாட்டில் அலைந்தன. சற்று நேரத்தின் பின் ஒன்று மட்டும் எப்படியோ அப்பால் போய்ச் சேர, அதன் பின்னால் இன்னொன்றும், பிறகு மற்றவையும் போகத் தொடங்கின.

எங்கள் கொப்பியின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே கோடு கிழித்து, இடப்புறத்தில் ‘கண்டது’ என்றும் வலப்புறத்தில் ‘எண்ணியது’ என்றும் தலைப்பிட வேண்டும் என்பது ரீச்சரின் கட்டளை. அன்று நான் இடப்புறத்தில் “எறும்புகள் பயந்து நின்றன” என்று எழுதியிருந்தேன். ரீச்சர் ‘பயந்து’ என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓர் அம்புக்குறி போட்டு வலப்புறத்துக்கு அனுப்பினார். “நின்றதைக் கண்டீர். பயத்தையும் கண்டீரோ, பிள்ளை?” என்று கேட்டார். நான் இல்லை என்று தலையசைத்தேன்.

எறும்புகள் நின்றதற்கான காரணத்தைப் பல ஆண்டுகள் கழித்தே நான் படித்து அறிந்தேன். நிலத்தில் அவை இட்டுச் செல்லும் மணச் சுவட்டை ரீச்சரின் விரல் துடைத்துவிட்டிருந்தது. ஓர் உயிரி வெளிவிட்டு, அதே இனத்தைச் சேர்ந்த இன்னொன்றின் நடத்தையை மாற்றும் இத்தகைய பொருள்களுக்குப் ‘பெரோமோன்’ என்ற பெயர் 1959 இல் சூட்டப்பட்டது. அதே ஆண்டில் அமெரிக்க உயிரியலாளர் எட்வர்ட் வில்சன், நெருப்பெறும்பின் வயிற்றிலுள்ள மிகச் சிறிய சுரப்பி ஒன்றிலிருந்தே அந்தச் சுவடு வருவதைக் காட்டினார். பின்னர் பெல்ஜியத்து ஆய்வாளர்கள் எறும்புகளுக்கு நீளமானதும் குறுகியதுமான இரு பாதைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். குறுகிய பாதையால் போனவை விரைவாகத் திரும்பிவந்ததால் அங்கே மணம் முந்திச் செறிந்தது. கட்டளையிட எவருமில்லாமலே பெரும்பாலான எறும்புகள் அந்தப் பாதைக்கு மாறின. இதனை அடியொற்றி இத்தாலியக் கணினி ஆய்வாளர் மார்க்கோ டொரிகோ 1992 இல் தமது முனைவர் பட்ட ஆய்வில் அமைத்த கணிப்பு முறை, பொருள்களை விநியோகிக்கும் வாகனங்கள் செல்லவேண்டிய பாதைகளைத் தீர்மானிப்பதற்குப் பயன்பட்டிருக்கிறது.

நான் தாதியாகப் பணியாற்றுபவள். ஒரு நாளில் எத்தனை தடவை கை கழுவுகிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. ஆனால் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற வைத்தியரை நினையாமல் கழுவிய நாட்கள் குறைவு. 1840களில் வியன்னா பொது வைத்தியசாலையில் இரண்டு பிரசவ விடுதிகள் இருந்தன. மருத்துவச்சிகள் பயிற்சி பெற்ற விடுதியைவிட, வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும் பணியாற்றிய விடுதியில் பிரசவக் காய்ச்சலால் இறந்த தாய்மார் பலமடங்கு அதிகம். காரணங்களுக்குக் குறைவிருக்கவில்லை: கெட்ட காற்று என்றார்கள், நெரிசல் என்றார்கள், மரணத் தறுவாயில் இருப்பவர்களிடம் செல்லும் குருவானவரின் மணியோசை தாய்மாரை அச்சுறுத்துகிறது என்றுகூடச் சொன்னார்கள். செம்மல்வைஸ் ஒவ்வொன்றாகச் சோதித்தார். குருவானவரை வேறு வழியால் வரச் செய்து மணியையும் நிறுத்தினார், இறப்பு குறையவில்லை. 1847 இல் அவருடைய நண்பர் ஒருவர் பிரேத பரிசோதனையின்போது கத்தி பட்டு ஏற்பட்ட காயத்தால், ஏறக்குறைய அதே நோய்க்குறிகளுடன் இறந்தார். பிணவறையிலிருந்து நேரே பிரசவ விடுதிக்கு வந்த கைகளின்மீது செம்மல்வைஸின் பார்வை அப்போதுதான் திரும்பியது. குளோரீன் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவிய பின்னரே உள்ளே வரவேண்டும் என்று மே மாதத்தில் விதித்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, யூனில் ஏறத்தாழ 2 ஆக இறங்கியது. கிருமிகளைப் பற்றி எவரும் தெளிவாக அறியாத காலம் அது. ஏன் என்ற கேள்விக்கு முழு விடை அவரிடம் இல்லாததால், சக வைத்தியர்களில் பலர் கண்முன் நின்ற எண்களையும் ஏற்கவில்லை. அவர் 1865 இல் மனநோய்க் காப்பகம் ஒன்றில் இறந்தார் என்பதை எப்போது படித்தாலும் எனக்கு மனம் கனத்துவிடும்.

கண்டதையும் எண்ணியதையும் பிரித்து வைக்கும் இந்த ஒழுக்கம் விஞ்ஞானத்துக்கு மட்டும் உரியதன்று. கிரேக்க நாட்டின் கிரேத்தத் தீவிலுள்ள பழைய மாளிகைகளில் கிடைத்த களிமண் பலகைகளின் ‘லீனியர் பி’ எழுத்தை அரை நூற்றாண்டாக எவராலும் வாசிக்க முடியவில்லை. பலரும் முதலில் ஒரு மொழியை ஊகித்து, பிறகு எழுத்துகளை அதற்குள் திணித்துப் பார்த்தார்கள். அமெரிக்கப் பேராசிரியை அலிஸ் கோபர் அதற்கு உடன்படவில்லை. எந்தக் குறி எதன் பக்கத்தில் வருகிறது, எந்தச் சொல்லின் ஈறு எப்படி மாறுகிறது என்பவற்றை மட்டுமே அவர் குறித்துவந்தார். போர்க்காலத்தில் காகிதத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, பழைய தாள்களை வெட்டி அட்டைகளாக்கி வெற்றுச் சிகரெட் பெட்டிகளில் அடுக்கினார். அவர் சேர்த்த அட்டைகள் ஏறக்குறைய 1,80,000. அந்த மொழியில் சொல் ஈறுகள் திரியும் முறையைக் காட்டிவிட்டு, 1950 இல் அவர் காலமானார். 1952 இல் கட்டடக் கலைஞரான மைக்கேல் வென்ட்ரிஸ், கோபர் கண்டவற்றின்மீது, குறிகளை ஒலிகளின்படி வரிசைப்படுத்தும் தமது சட்டகத்தை எழுப்பி, அது பழங்கிரேக்கம் என்பதை வெளிப்படுத்தினார். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்த அந்தப் பலகைகளில் ஆடுகள், கம்பளி, எண்ணெய் ஆகியவற்றின் கணக்குகள் இருந்தன. ஒரு காலத்து மக்களின் அன்றாட வாழ்வு அவற்றினூடாக எங்களுக்குத் தெரியவந்தது. வென்ட்ரிஸின் பெயர் சொல்லப்படும் இடமெல்லாம் கோபரின் பெயரும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சில காலத்துக்கு முன் இரவுப் பணியின்போது, புதிதாகச் சேர்ந்த இளம் தாதி ஒருத்தி, முதியவர் ஒருவரின் குறிப்பில் “நோயாளி கோபமாக இருக்கிறார், ஒத்துழைக்கவில்லை” என்று எழுதியிருந்தாள். நான் ஒரு வெற்றுத்தாளை எடுத்து நடுவே கோடு கிழித்து, “கோபத்தை வலப்புறத்தில் வையுங்கோ, தங்கச்சி. இடப்புறத்தில் கண்டதை மட்டும் எழுதுங்கோ” என்றேன். அவள் யோசித்து யோசித்து எழுதினாள்: சாப்பாட்டைத் தொடவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார், முழங்கால்களை மடக்கியிருக்கிறார், வயிற்றைத் தொடப்போனால் கையைத் தட்டிவிடுகிறார். நான்காவது வரியை எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு, வைத்தியரை அழைக்கத் தொலைபேசியை எடுத்தாள்.